என்.எச்.எஸ் ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு காசு கட்டித் தனியறை எடுப்பது எப்படி

இங்கிலாந்துக்கு வந்து முதல் பிள்ளைக்காகக் காத்திருக்கும் வீடுகளில் ஏழாம், எட்டாம் மாதத்தில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது: "காசு கட்டினால் தனியறை தருவார்களாமே, உண்மையா?" உண்மைதான். பல என்.எச்.எஸ் (அரசு மருத்துவ சேவை) ஆஸ்பத்திரிகளின் மகப்பேற்று வார்டுகளில் அப்படிச் சில அறைகள் இருக்கின்றன. 'அமெனிட்டி ரூம்' என்று சொல்வார்கள். ஆனால் ஊரில் பேயிங் வார்டு எடுப்பதுபோல முன்கூட்டியே காசைக் கட்டி, இன்ன தேதிக்கு இன்ன அறை என்று எழுதி வாங்க முடியாது. பிள்ளை பிறந்த பிறகுதான் கிடைக்குமா கிடைக்காதா என்பதே தெரியும். இதை அறியாமல் அறையை நம்பியே எல்லாவற்றையும் திட்டமிட்டவர்கள்தான் பொது வார்டில் முதல் இரவு மிகவும் உடைந்துபோகிறார்கள். ஆகவே அறை எடுக்கும் வழியோடு, அறை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே ஆயத்தமாக வேண்டும்.

மூன்று வகை அறை, மூன்று வகைக் கணக்கு

தனியறை என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது 'சைட் ரூம்'. மருத்துவக் காரணத்துக்காக வார்டே ஒதுக்கித் தரும் அறை இது. இதற்கு ஒரு பென்னியும் இல்லை. தொற்று நோய் இருந்தாலோ, தாயின் உடல்நிலையோ மனநிலையோ கோரினாலோ தருவார்கள்.

இரண்டாவதுதான் அமெனிட்டி ரூம். இதில் நீங்கள் கொடுக்கும் காசு கதவுக்கும், சுவருக்கும், பெரும்பாலும் ஒரு குளியலறைக்கும் மட்டுமே. நீங்கள் தொடர்ந்து என்.எச்.எஸ் நோயாளிதான். பக்கத்து வார்டைப் பார்க்கும் அதே மிட்வைஃப்தான் (பிரசவம் பார்க்கும் தாதி) உங்களையும் பார்ப்பார். டாக்டரும் மருந்தும் பரிசோதனையும் மாறுவதில்லை. காசு கட்டியதால் யாரும் விரைந்து வரமாட்டார்கள், கூடுதல் தடவை எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள்.

மூன்றாவது தனியார் நோயாளியாகச் சேர்வது. கட்டடம் என்.எச்.எஸ்ஸுடையதாக இருந்தாலும் அறை, டாக்டர், மயக்க மருந்து, பரிசோதனை என எல்லாவற்றுக்கும் நீங்களே காசு கட்ட வேண்டும். செலவு பல ஆயிரம் பவுண்டு. இளவரசர்கள் வில்லியமும் ஹரியும், பிறகு வில்லியமின் மூன்று பிள்ளைகளும் பிறந்த லிண்டோ விங் இந்த வகைதான். அது லண்டன் பாடிங்டனில் உள்ள செயின்ட் மேரிஸ் என்ற என்.எச்.எஸ் ஆஸ்பத்திரியின் தனியார் பிரிவு.

இந்தப் பிரிவினை இன்று நேற்று வந்ததல்ல. 1948இல் என்.எச்.எஸ் தொடங்குவதற்கு வழிவகுத்த 1946ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பகுதிக் கட்டண அறை (இன்றைய அமெனிட்டி ரூம்) 4ஆம் பிரிவிலும் தனியார் நோயாளி அறை 5ஆம் பிரிவிலும் தனித்தனியாக வந்தன. 4ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை உண்டு: மருத்துவக் காரணத்துக்காக வேறொருவருக்கு அந்த அறை தேவைப்படாத நேரத்தில் மட்டுமே காசுக்குக் கொடுக்கலாம். முன்பதிவு செய்ய முடியாததற்கும், சில வேளை பாதி ராத்திரியில் அறையை விட்டு எழும்பச் சொல்வதற்கும் இன்றுவரை இந்தக் கொள்கைதான் காரணம். வார்டுக்காரர் உங்கள்மேல் வஞ்சம் வைத்துச் செய்வதில்லை.

காசு கட்ட முன் இதைப் பாருங்கள்

பிள்ளை பிறக்கும் அறை எப்படியும் தனியறைதான். அதற்குக் கட்டணம் இல்லை. பிறந்து ஓரிரு மணி நேரம் அங்கேயே இருப்பீர்கள். பிறகுதான் பேற்றுக்குப் பிந்திய போஸ்ட்நேட்டல் வார்டுக்கு மாற்றுவார்கள். அங்கேதான் நாலு முதல் ஆறு கட்டில்கள், நடுவில் துணித்திரை. சிக்கலில்லாத சுகப்பிரசவம் என்றால் பலர் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிசேரியன் என்றால் ஓரிரு நாள் கூடும். ஆகவே கணக்கு பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு இரவுகளுக்குத்தான். காலை ஆறு மணிக்குப் பிள்ளை பிறந்து மாலையில் வீடு போகக்கூடியவருக்கு அறையே தேவைப்படாமல் போகலாம்.

அடுத்தது பர்த் சென்டர். ஆபத்து குறைந்த பிரசவங்களை மிட்வைஃப்கள் நடத்தும் பிரிவு அது. பல பர்த் சென்டர்களில் பிள்ளை பிறந்த அதே அறையில் வீடு போகும்வரை இருக்கலாம். துணையும் கூடவே தங்கலாம், கட்டணமும் இல்லை. தனியறைக்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. முதுகில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்யும் எபிடியூரல் அங்கே கிடைக்காது. இடையில் சிக்கல் வந்தால் பிரசவ வார்டான லேபர் வார்டுக்கு மாற்றுவார்கள். ஆனால் உங்கள் மிட்வைஃப் அது உங்களுக்குச் சரி என்று சொன்னால், நூற்றுக்கணக்கான பவுண்டு மிச்சமாகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சில புதிய ஆஸ்பத்திரிகளில் எல்லாருக்குமே தனியறை. கென்டில் 2011இல் திறந்த பெம்பரியின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஆஸ்பத்திரி, எல்லா நோயாளிகளுக்கும் குளியலறையோடு தனியறை என்று கட்டப்பட்ட இங்கிலாந்தின் முதல் என்.எச்.எஸ் பொது ஆஸ்பத்திரி. கர்ப்பத் தொடக்கத்தில் எங்கே பதிவு செய்வது என்று தெரிவு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. எட்டக்கூடிய தூரத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகள் இருந்தால், வார்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

கூச்சப்படாமல் இலவச அறை கேட்க வேண்டிய நேரங்களும் உண்டு. பிள்ளை தவறிப்போன தாயை, மற்றப் பிள்ளைகள் அழும் சத்தத்துக்கு நடுவே படுக்க வைக்கக் கூடாது. அதற்கென்றே தனி அறை வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் பல. பிள்ளை நியோநேட்டல் (சிசுக்களுக்கான சிறப்புக் கவனிப்பு) பிரிவில் இருக்க, தாய் மட்டும் வெறுங்கையோடு மற்றத் தாய்மாருக்கு நடுவே கிடப்பதும் அதே அளவு கொடுமை. "என் பிள்ளை நியோநேட்டலில் இருக்கிறது, சைட் ரூம் இருந்தால் தாருங்கள்" என்று கேளுங்கள். கடும் மனப்பதற்றம், முன்பு நேர்ந்த வன்முறையின் பாதிப்பு, உடல் இயலாமை இவற்றில் ஏதாவது இருந்தால், வலி வரும்வரை காத்திருக்காமல் கர்ப்பக் காலத்திலேயே மிட்வைஃபிடம் சொல்லிக் குறிப்பில் எழுத வையுங்கள். எழுத்தில் இல்லாதது இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேராது.

விசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை விசா, குடும்ப விசா, மாணவர் விசாவில் வந்தவர்கள் விசாவோடு சேர்த்துக் கட்டிய ஹெல்த் சர்சார்ஜ் பிள்ளைப்பேற்றுக்கான என்.எச்.எஸ் பராமரிப்பை உள்ளடக்கும். 2024 பிப்ரவரி 6 முதல் அது பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776. அமெனிட்டி அறைக் கட்டணம் அதில் அடங்காது. சுற்றுலா விசாவில் இருப்பவருக்கு வரும் பிரசவச் செலவு பில் முற்றிலும் வேறு விஷயம். அது சாதாரணக் கட்டணத்தின் 150 சதவீதமாகக் கணக்கிடப்படும். ஆனால் பிரசவப் பராமரிப்பைக் காசுக்காக மறுக்கவோ தாமதப்படுத்தவோ கூடாது என்பது விதி. அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்களுக்கு அந்தப் பில் இல்லை. "அறைக்குக் காசு கேட்கிறார்கள், அப்படியானால் பிரசவத்துக்கும் பில் வருமோ" என்று பயந்து செக்கப்புக்குப் போகாமல் விடாதீர்கள்.

28 வாரம் அளவில் விசாரித்து வைக்க வேண்டியவை

ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் கட்டணம் போட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் பல ஆண்டுகளாகத் தொடப்படாமல் இருக்கவும் கூடும். மிட்வைஃபைச் சந்திக்கும்போது கேளுங்கள். அவருக்கும் சரியாகத் தெரியாவிட்டால் போஸ்ட்நேட்டல் வார்டுக்கே போன் பண்ணி வார்டு கிளார்க்கிடம் கேளுங்கள். காலை வேளை வேண்டாம், டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும் நேரம். பிற்பகல் நல்லது. கேட்க வேண்டியவை இவை:

- மொத்தம் எத்தனை அமெனிட்டி அறைகள்? ஒன்றா, ஆறா? இரண்டுக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம்.
- ஓர் இரவுக்கு எவ்வளவு? இரவு எப்போது தொடங்கி எப்போது முடிகிறது? உள்ளே போன நேரத்திலிருந்து 24 மணி நேரமா, அல்லது நள்ளிரவைத் தாண்டினால் ஓர் இரவா?
- குளியலறை உள்ளேயா? சில அறைகளில் கழிப்பறை மட்டும் இருக்கும், குளிக்க வெளியே போக வேண்டும்.
- துணை இரவில் தங்கலாமா? அவருக்குக் கட்டிலா, சாய்வு நாற்காலியா? அம்மாவோ மாமியோ கணவருக்குப் பதிலாகத் தங்கலாமா?
- யாருக்கு முன்னுரிமை? கேட்ட வரிசைப்படியா, சிசேரியன் ஆனவர்களுக்கு முதலிலா?
- இடையில் அறையைத் திருப்பிக் கேட்டால் காசு எப்படித் திரும்பி வரும்?

கட்டணம் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வெகுவாக மாறும். லண்டனுக்கு வெளியே பல இடங்களில் ஓர் இரவுக்கு 100 பவுண்டை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். மத்திய லண்டனில் சில நூறு பவுண்டு வரை போகும். தனியார் மருத்துவக் காப்புறுதி வைத்திருப்பவர்கள் அது கை கொடுக்கும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலான பாலிசிகள் சாதாரணப் பிரசவத்தையே எடுப்பதில்லை. அமெனிட்டி கட்டிலுக்கான கட்டணத்தைத் தரமாட்டோம் என்று பெயர் சொல்லியே விலக்குபவையும் உண்டு.

நேரிலும் போனிலும் தெளிவான பதில் கிடைக்காவிட்டால், தகவல் அறியும் சட்டப்படி ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். 2000ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி பொதுவாக 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். காசு இல்லை, காரணமும் சொல்லத் தேவையில்லை. கடந்த 12 மாதங்களில் அந்த அறைகள் எத்தனை இரவு காசுக்குப் போயின, எத்தனை இரவு மருத்துவத் தேவைக்குப் போயின என்று கேளுங்கள். உங்கள் வாய்ப்பு எவ்வளவு என்பதை வார்டில் யார் சொல்வதையும்விட அந்த இரண்டு எண்கள் சரியாகச் சொல்லும். 28 வாரத்தில் அனுப்பினால் பிள்ளை பிறக்கும் முன் பதில் கைக்கு வந்துவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள்

அறை வேண்டும் என்று பர்த் பிளானில் (பிரசவ விருப்பக் குறிப்பில்) எழுதி வைத்தால் மட்டும் போதாது. வலியோடு லேபர் வார்டில் சேர்ந்ததும், உங்கள் துணை அங்குள்ள மிட்வைஃபிடம் ஒரு தடவை சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்து, வார்டுக்கு மாற்றும் பேச்சு எடுக்கும் முன் இன்னொரு தடவை கேட்க வேண்டும். இந்த இரண்டாவது தடவைதான் முக்கியம். லேபர் வார்டிலிருந்து போஸ்ட்நேட்டல் வார்டுக்குப் போன் பண்ணிக் கட்டில் கேட்கும் அந்த நேரத்திலேயே அறையும் முடிவாகிறது. பொதுப் பகுதியில் கட்டில் போட்டு, பைகளைப் பிரித்து, பால் கொடுக்க உட்கார்ந்த பிறகு மாறுவது உங்களுக்கும் சிரமம், அவர்களுக்கும் சிரமம்.

திட்டமிட்ட சிசேரியன் என்றால் காலையில் சேரும்போதே சொல்லுங்கள். அன்று காலை டிஸ்சார்ஜ் ஆகிறவர்களின் அறைகள் பிற்பகலில்தான் காலியாகும். சுத்தம் செய்து முடிக்கவும் நேரம் எடுக்கும். 'இப்போது இல்லை' என்ற பதில் 'இன்றைக்கு இல்லை' என்று பொருள்படாது. பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் போடச் சொல்லிவிட்டு, ஷிஃப்ட் மாறியதும் புதிதாக வந்தவரிடம் ஒரு தடவை நினைவூட்டுங்கள். ஷிஃப்ட் பல இடங்களில் காலை ஏழரை, இரவு ஏழரை வாக்கில் மாறும். பட்டியல் வாய்வழியாகத்தான் கைமாறும், அதில் பெயர்கள் விழுந்துபோவது சகஜம்.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். என்.எச்.எஸ்ஸில் அதற்குக் கட்டணம் இல்லை. கணவர் இருக்கிறாரே என்று விட்டுவிடாதீர்கள். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் பேச்சில் நடுவில் நிற்க வேண்டியவர் அவர் அல்லர்.

காசு, அறை உறுதியானதும் கட்டுவது. ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 'மருத்துவத் தேவை வந்தால் அறையை விடுவேன்' என்ற வரி அதில் இருக்கும். சில இடங்களில் வார்டிலேயே கார்டு மெஷின், சில இடங்களில் கீழே காசாளர் அலுவலகம். வார இறுதியில் அந்த அலுவலகம் பூட்டியிருந்தால் பிறகு பில் அனுப்புவார்கள். எப்படியானாலும் உள்ளே போன தேதி, நேரம், அறை எண் மூன்றையும் போனில் குறித்து வையுங்கள்.

அறைக்குள்: முதல் ஐந்து நிமிடம், முதல் இரவு

இந்தப் பகுதியை மட்டும் தாயும் துணையும் சேர்ந்திருந்து படியுங்கள். பொதுப் பகுதியில் மிட்வைஃப் அந்தப் பக்கம் போகும்போது பத்துத் தடவை உங்கள்மேல் கண் விழும். எதிர்க்கட்டில் பெண் "உங்கள் முகம் வெளிறிப்போயிருக்கிறதே" என்று சொல்லிவிடுவாள். கதவு மூடிய அறையில் அந்தக் கண்கள் இல்லை. தனியறையின் உண்மையான விலை அதுதான்.

உள்ளே போனதும் பையைப் பிரிக்கும் முன் மணியைப் பாருங்கள். கட்டிலோடு வயரில் தொங்கும் கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் கதவுக்கு மேலே வெளிப்பக்கம் விளக்கு எரியும். துணையை வெளியே நிற்கச் சொல்லி ஒரு தடவை அமுக்கி, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எப்படி அணைப்பது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண மணி வேறு, அவசர மணி வேறு. அவசர மணி பெரும்பாலும் கட்டில் தலைமாட்டுச் சுவரில் இருக்கும். எது எது என்று மிட்வைஃபிடம் காட்டச் சொல்லுங்கள். குளியலறையில் சிவப்புக் கயிறு தொங்கும். யாராவது அதைச் சுருட்டி மேலே கட்டி வைத்திருந்தால் அவிழ்த்து, தரைவரை தொங்க விடுங்கள். தலை சுற்றி விழுந்தவருக்குத் தரையிலிருந்துதான் அது எட்ட வேண்டும்.

சிசேரியன் ஆன முதல் இரவு, முதுகில் போட்ட ஊசியின் மரப்பு சில மணி நேரம் காலில் இருக்கும். சிறுநீர்க் குழாயும் இருக்கும். எழுந்து பிள்ளையைத் தூக்க முடியாது. துணை இரவில் தங்குவதாக இருந்தால் அறை நல்லது. வீட்டில் மூத்த பிள்ளை இருக்கிறது, கணவர் இரவு எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால், எங்கள் யோசனை: முதல் இரவைப் பொதுப் பகுதியில், மிட்வைஃப் மேசைக்கு அருகில் கழியுங்கள். அறையை இரண்டாம் இரவுக்குக் கேளுங்கள். அதே காசுக்கு உங்களுக்குக் கிடைக்கும் நிம்மதி இரண்டு மடங்கு. இரத்தப்போக்கு கூடுதலாக இருந்தவர்களையும் இரத்த அழுத்தம் ஏறி நிற்பவர்களையும் வார்டே பெரும்பாலும் தனியறைக்கு விடாது. விடாவிட்டால் வாதாடாதீர்கள்.

தயங்காமல் மணியை அமுக்க வேண்டியவை: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைவது, பெரிய கட்டிகளாக இரத்தம் போவது, கடும் தலைவலி, கண் மங்குவது, நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, நடுக்கத்தோடு காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. பிள்ளை துவண்டு கிடந்தாலோ, நிறம் மாறினாலோ, முனகி மூச்சு விட்டாலோ, பாலுக்கு எழும்பவே இல்லையென்றாலோ அதுவும் மணிக்குரிய விஷயமே. "சும்மா கூப்பிட்டால் கோபிப்பார்களோ" என்று நம் பெண்கள் அடக்கிக்கொண்டு கிடப்பதுண்டு. பத்து நிமிடத்தில் யாரும் வராவிட்டால் துணை எழுந்து மேசைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.

வலி மாத்திரை கொடுத்த நேரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். மருந்து வண்டி வரும்போது நீங்கள் தூங்கினாலோ குளியலறையில் இருந்தாலோ அந்த வேளை தவறிவிடும். இரண்டு வேளை தவறினால் வலியைத் திரும்ப அடக்குவது கடினம்.

துணைக்கு ஒரு எச்சரிக்கை. விடியற்காலை மூன்று மணிக்கு, பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் கண்ணயர்வதுதான் அந்த அறையில் நடக்கக்கூடிய மிக ஆபத்தான காரியம். சோபாவிலோ கைநாற்காலியிலோ பிள்ளையோடு தூங்குவது திடீர் சிசு மரண ஆபத்தை 50 மடங்குவரை கூட்டும் என்று இங்குள்ள சுகாதார அறிவுரைகள் சொல்கின்றன. தூக்கம் சொக்கினால் பிள்ளையை அந்தச் சக்கரம் வைத்த கண்ணாடித் தொட்டிலில், மல்லாக்கப் படுக்க வைத்துவிடுங்கள். தாய் குளிக்கப் போகும்போது அறையில் யாரும் இல்லையென்றால் தொட்டிலைக் குளியலறை வாசலுக்கு உருட்டி வாருங்கள், அல்லது வார்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நடைபாதையிலும் பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்காமல் தொட்டிலில் வைத்துத் தள்ளுங்கள். பல வார்டுகளில் அது விதியே.

சாப்பாடு, சாம்பிராணி, விருந்தினர்

ஆஸ்பத்திரிச் சாப்பாடு தாய்க்கு மட்டும்தான், அறைக்குக் காசு கட்டினாலும் துணைக்குக் கிடைக்காது. வீட்டுச் சாப்பாடு கொண்டு வரத் தடை இல்லை. ஆனால் வார்டு மைக்ரோவேவில் வெளிச்சாப்பாட்டைச் சூடாக்கித் தரப் பல இடங்களில் மறுப்பார்கள். உணவுப் பாதுகாப்பு விதி அது. ஆகவே அகன்ற வாய் உள்ள தெர்மோஸ் பிளாஸ்க் இரண்டு வாங்குங்கள். கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டிவிட்டு, சுடச்சுட ஒன்றில் சோறு, மற்றதில் பிள்ளை பெற்றவருக்கான சரக்குத்தூள் போட்ட கறியோ இரசமோ நிரப்பினால் மதியம்வரை சூடு நிற்கும். கேத்தலோ ரைஸ் குக்கரோ கொண்டுபோய் அறையில் செருக வேண்டாம். சாம்பிராணிப் புகையும் விளக்கேற்றுவதும் கூடவே கூடாது. புகை உணரி அடித்தால் முழு வார்டும், நடக்க முடியாத தாய்மார் உட்பட, கலைய வேண்டி வரும். அதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு.

தனியறை எடுத்ததால் பார்வையாளர் விதி தளராது. ஒரு நேரத்தில் இத்தனை பேர், பிள்ளைகளில் சொந்தச் சகோதரங்கள் மட்டும் என்ற கட்டுப்பாடு அறைக்கும் உண்டு. உறவுகளை 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வீட்டுக்கு வரச் சொல்லிவிடுவதே நல்லது.

அறை கிடைக்காவிட்டால்

கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம் என்றே வைத்துப் பையை அடுக்குங்கள். குளிர்காலத்தில் ஃபுளூவும் வாந்தி-பேதிக் கிருமியும் பரவும்போது தனியறைகள் எல்லாம் தொற்று உள்ளவர்களுக்குப் போய்விடும். காதடைப்பு, கண்மூடி, மூன்று மீட்டர் நீளமான போன் சார்ஜர், சொந்தத் தலையணை, முன்பக்கம் திறக்கும் இரண்டு சட்டை, பால் கொடுக்கும்போது போர்த்த ஒரு பருத்திச் சால்வை: இந்த ஆறும் இருந்தால் பொதுப் பகுதி பாதி தாங்கக்கூடியதாகிவிடும். சன்னலோரக் கட்டில் காலியானால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், அதற்குக் காசு இல்லை.

சீக்கிரம் வீடு போவதே சிலருக்குச் சிறந்த தனியறை. டிஸ்சார்ஜை இழுத்தடிப்பவை பெரும்பாலும் இரண்டு: பிள்ளையின் முழு உடல் பரிசோதனையும், வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்தும். அந்தப் பரிசோதனை பிறந்து 72 மணி நேரத்துக்குள் நடந்தால் போதும். தாயும் பிள்ளையும் நலம் என்றால், பரிசோதனையை வெளியே ஒரு கிளினிக்கில் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சில இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். மருந்தைக் காலை ரவுண்ட்ஸிலேயே எழுதச் சொல்லுங்கள். மாலைவரை காத்திருப்பு நீண்டால், அறையில் இருப்பவர்கள் இன்னோர் இரவுக் கட்டணம் விழுமா என்று அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மகப்பேற்று வார்டுக்கு வெளியே அமெனிட்டி அறைகள் அரிது. மற்றச் சத்திரசிகிச்சைகளுக்குத் தனியறை வேண்டுவோர் தனியார் நோயாளியாகத்தான் சேர வேண்டியிருக்கும். ஆண்களும் பெண்களும் ஒரே இடத்தில் படுப்பதுதான் உங்கள் கவலை என்றால் காசே வேண்டாம். தீவிர சிகிச்சை போன்ற விதிவிலக்குகள் தவிர, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் படுக்கைப் பகுதி தருவது இங்கிலாந்தின் என்.எச்.எஸ் விதி.

அறையைத் திருப்பிக் கேட்டால்

நள்ளிரவில் தொற்று உள்ள ஒரு தாய் வருகிறார், அறை வேண்டும் என்பார்கள். எழும்பத்தான் வேண்டும். ஆனால் மூன்று காரியம் செய்யுங்கள். மாற்றிய நேரத்தையும் காரணத்தையும் உங்கள் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அந்த இரவுக்கான காசு முழுதும் திரும்புமா, பாதியா என்று அப்போதே கேளுங்கள். பொறுப்பு மிட்வைஃபின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ரசீதோடு டிரஸ்டின் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். குளியலறையில் தண்ணீர் வராதது, சொன்ன வசதி இல்லாதது போன்றவற்றுக்கும் இதே வழிதான். அன்றே படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சு குறையும். பதில் வராவிட்டால் இங்கிலாந்தின் பெரும்பாலான என்.எச்.எஸ் ஆஸ்பத்திரிகளில் 'பால்ஸ்' என்ற நோயாளர் ஆலோசனைப் பிரிவு உண்டு. நேரில் போகலாம், போனிலும் பேசலாம், அங்கேயும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்கும் மசியாவிட்டால் டிரஸ்டுக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க 12 மாதம் அவகாசம் இருக்கிறது. பிள்ளை கொஞ்சம் தூங்கத் தொடங்கிய பிறகு ஆறுதலாக எழுதலாம்.